சீர்த்தட்டும் கூட்டாஞ்சோறும்

மணமான பெண் கணவன் வீட்டாரின் விழாவுக்கோ விருந்துக்கோ செல்லும்போது கையில் என்ன கொண்டு செல்கிறாள் என்பது ஒரு வரலாற்றுக் கட்டுரைக்குரிய பொருளா என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். மன்னர்களின் போர்களும் கோயில்களின் திருப்பணிகளும் பேசப்படும் ஏடுகளில் அதிரசத்துக்கும் முறுக்குக்கும் இடம் உண்டோ? உண்டு என்பதே நம் துணிபு. தலைநகர்த் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தூக்குப் பாயசத்தின் பொருட்டுச் சம்பந்திகள் இருவர் ஓராண்டுக் காலம் முகங்கொடுத்துப் பேசாதிருந்ததை நாம் அறிவோம். பாயசத்தில் குறையொன்றும் இல்லை. அது வீட்டில் காய்ச்சியதா, கடையில் வாங்கியதா, எத்தனை பேருக்குப் போதும், யார் கண்ணெதிரே கொண்டுவந்து வைக்கப்பட்டது என்பவையே வழக்கின் சாரம். இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று.

தமிழரிடையே உணவு கொண்டு செல்வதற்கு இரண்டு பழைய முறைகள் இருந்து வந்தன. ஒன்று சீர். ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு, இன்ன நாளில், இன்ன பண்டம், இன்ன அளவில் என்று வரையறுத்துச் செல்வது அது. மற்றொன்று கூட்டாஞ்சோறு. ஒருத்தி அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருத்தி இரண்டு கத்தரிக்காய் என்று அவரவர் வீட்டில் உள்ளதைக் கொணர்ந்து ஒரே பானையில் பொங்கி ஒன்றாக உண்பது. சிறுமியர் விளையாட்டாகத் தொடங்கும் இம்முறையையே மாரியம்மன் கோயிலில் கஞ்சி வார்ப்பதற்கு வீடுதோறும் அரிசி திரட்டும் ஊராரும் கையாள்கின்றனர். சீரில் கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர். கூட்டாஞ்சோற்றிலோ கொடுப்பவரே கொள்பவர். அளவு கேட்பார் இல்லை. இந்த இரண்டும் வேறுவேறு என்பதை மறந்ததனால் விளைந்த மனத்தாங்கல்களைப் பற்றியதே இக்கட்டுரை.

பழைய நூல்களிலிருந்து தொடங்குவோம். அகநானூற்றில் திருமண விருந்தைக் காட்டும் பாடல்கள் இரண்டு உள. 86ஆம் பாடலில் உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு பந்தலில் குவிந்திருக்கிறது. 136ஆம் பாடலில் இறைச்சியோடு நெய் பெய்த வெண்சோறு பெரியோர்க்கு வரையாது வழங்கப்படுகிறது. பெண் வீட்டார் தட்டேந்தி வந்ததாகவோ, பிள்ளை வீட்டார் அதை எண்ணிப் பார்த்ததாகவோ இரண்டிலும் ஒரு சொல்லும் இல்லை.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது நற்றிணையின் 110ஆம் பாடல். போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திச் செவிலியர் பின்தொடர, உண்ண மறுத்துப் பந்தலைச் சுற்றி ஓடிய செல்வச் சிறுமி மணமாகிச் செல்கிறாள். கணவன் குடியில் வறுமை வந்துவிடுகிறது. அவளோ தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைத்துப் பார்ப்பதும் இல்லை. ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்டு காலங்கழிக்கிறாள். இந்த அறிவை இவள் எங்கே கற்றாள் என்று தாய் உள்ளம் வியக்கிறது. பிறந்த வீட்டுச் சோற்றை நாடாதிருப்பதே பெண்ணின் பெருமையாக இங்குக் காட்டப்படுகிறது. பிறந்த வீட்டுச் சோறு வந்தால்தான் பெருமை என்ற நிலைக்கு நம் சமூகம் பின்னர் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே வியப்புக்குரியது.

புறநானூற்றின் 163ஆம் பாடல் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. முதிரமலைக் குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம், உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், உன் சுற்றத்து மூத்த மகளிர்க்கும், நம் பசி தீர அளந்து கடன் தந்தவர்க்கும், எவர்க்கும் கொடு, என்னைக் கேட்க வேண்டா என்கிறார். கொடுக்கும் உரிமையை அவள் கையில் வைத்ததோடு, அவளுடைய சுற்றத்தை முதலில் எண்ணியதும் நோக்கத்தக்கது. அப்பாடலில் அளந்து வாங்கி அவ்வாறே திருப்பித் தரும் கடனுக்குக் குறியெதிர்ப்பை என்றொரு சொல் வருகிறது. வள்ளுவரும் இச்சொல்லை ஆள்கிறார். வறியவர்க்குக் கொடுப்பது ஒன்றே ஈகை. ஏனைய கொடையெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையுடையன என்பது அவருடைய 221ஆம் குறளின் கருத்து. சீர் என்பது ஈகையன்று, குறியெதிர்ப்பையே என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது. அதில் இழிவு ஒன்றும் இல்லை. அளந்து கொடுத்ததை அளந்து திருப்புவதில்தான் அண்டை அயலின் வாழ்வு நடக்கிறது. திருப்புதல் நின்று போய், ஒருபுறமாகவே ஓடத் தொடங்கும்போதுதான் அதன் பெயர் மாறுகிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் தனிமனையில் குடியமர்த்தி, விருந்தோம்புவதற்கு வேண்டிய செல்வத்தையும் பணியாளரையும் அளித்தவள் கோவலனின் தாய். அதாவது மாமியார். மருமகள் விருந்து செய்யவேண்டுமாயின் அதற்கான பொருளை மாமியார் வீடே தரவேண்டும் என்ற நியாயம் நம் முதற் காப்பியத்தின் தொடக்கத்திலேயே உள்ளது. மாமியார் மருமகள் உறவைப் பற்றி மேடைதோறும் பேசுவோர் இந்த இடத்தைத் தொடுவதில்லை என்பது நமக்குச் சற்றே வருத்தம்.

இடைக்காலத்துக்கு வருவோம். பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பொன்னோ பொருளோ கொடுத்துப் பெண் கொள்ளும் பரிச முறை தமிழகத்தில் பரவலாக இருந்தது. இரண்டாம் தேவராயர் காலத்தில், 1425ஆம் ஆண்டைச் சேர்ந்த விரிஞ்சிபுரம் கல்வெட்டு இதற்கு ஒரு சான்று. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் கூடி, இனிக் கன்னிகாதானமாகவே மணம் செய்வது, பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவனும் அரச தண்டனைக்கும் சாதி விலக்குக்கும் உரியவர் என்று உடன்படிக்கை எழுதினர். ஒரு வழக்கத்தைத் தடுக்கக் கல்லில் வெட்டவேண்டியிருந்தது என்றால், அவ்வழக்கம் எத்துணை வேரூன்றியிருந்தது என்பது வெளிப்படை. அன்று பொருள் சென்ற திசை பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டை நோக்கி. இன்றைய திசைக்கு நேர்மாறு.

பலகாரத்தின் அளவு எவ்வாறு வந்தது என்பதற்குக் கோயிற் கல்வெட்டுகள் துணை செய்கின்றன. விசயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி என்று நிவேதனங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, மிளகு இவ்வளவு என்று அளவுகள் தெளிவாக உள்ளன. நிவேதனம் ஆனபின் அப்பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு அறக்கட்டளை வைத்தவருக்கு உரியது. இதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். இறைவனுக்குப் படைத்ததிலேயே கொடுத்தவனுக்கு ஒரு பங்கு திரும்பியது. எண்ணிக் கொடுப்பதும், கொடுத்தவருக்கு ஒரு பங்கு மீள்வதும் ஒரே ஒழுங்கின் இரு பகுதிகளாக இருந்தன என்பதை இங்குக் குறித்துக்கொள்வோம்.

ஊர்ப்புறத்தில் சீர் எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகள் அதைக் கண்டதில்லை. தைப் பொங்கலுக்கு முன் சோழ நாட்டுச் சாலைகளில் மிதிவண்டியின் பக்கவாட்டில் கரும்புக் கட்டும், பின்னிருக்கையில் அரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, தேங்காய் நிறைந்த மூட்டையும், கைப்பிடியில் மஞ்சள் கொத்தும் தொங்க, உடன்பிறந்தாள் வீட்டுக்குச் செல்லும் அண்ணன் தம்பியரைக் காணலாம். பொங்கல் வரிசை எனப்படுவது இதுவே. தலைதீபாவளிக்கும் ஆடி அழைப்புக்கும் வளைகாப்புக்கும் வெவ்வேறு பண்டங்கள். நாஞ்சில் நாட்டில் முந்திரிக்கொத்து, கொங்கு நாட்டில் கச்சாயம், தஞ்சைப் பகுதியில் அதிரசமும் கைச்சுற்று முறுக்கும். செட்டிநாட்டு நகரத்தார் இல்லங்களில் இன்ன முறைக்கு இன்ன பண்டம் என்று சிட்டை எழுதி வைக்கும் பழக்கமும் உண்டு.

வந்த சீரை மாமியார் பரணில் ஏற்றிப் பூட்டிவிடுவதில்லை. தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் பங்கு போகும். இந்த வீட்டு மருமகளின் பிறந்தகத்திலிருந்து வந்தது என்று சொல்லி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நாலு முறுக்கும் இரண்டு அதிரசமும் கொடுக்கப்படும். ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்ற எண்ணிக்கைக்கு மங்கலக் காரணம் கூறுவார்கள். நம் கருத்தில் அதைவிட வலிய காரணம் தெருவின் நீளம். ஒரு வீடு விட்டுப்போனாலும் குறை வரும், ஆகவே எண்ணிக்கை. பங்கு பெற்ற வீடுகளும் பாத்திரத்தை வெறுமனே திருப்புவதில்லை. ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ இட்டே திருப்புவர். குறியெதிர்ப்பை என்ற சொல் மறைந்தாலும் பொருள் மறையவில்லை.

அதைச் செய்த கைகளும் ஒருத்தியின் கைகளல்ல. நெல் தன் வயலில் விளைந்தது; வெல்லம் தெரிந்தவர் ஆலையில் காய்ச்சியது; மாவு இடிக்க நாலு பெண்கள், முறுக்குச் சுற்ற அக்கம்பக்கத்து மூதாட்டியர். அவர்கள் வீட்டுச் சீருக்கு இவர்கள் போய் உதவுவர்.

பிரமலைக் கள்ளர் சமூகத்தை ஆராய்ந்து 1957இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் லூயி டூமோன், தென்னாட்டுச் சம்பந்தி உறவு என்பது தலைமுறை தாண்டித் தொடரும் கொடையும் எதிர்க்கொடையும் கொண்ட சங்கிலி என்று காட்டினார். பரிசத்தில் தொடங்கி, சீர்களாக வளர்ந்து, பிள்ளை பிறந்தபின் தாய்மாமன் சீராக அது நீள்கிறது. காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டுவரும் தட்டு, அவன் தந்தை மருமகனுக்குக் கொடுத்த தட்டின் தொடர்ச்சியே. பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் நிலபுலத்தில் பங்கு கிடைக்காதிருந்த காலத்தில், ஆண்டுதோறும் வந்த இந்தத் தட்டுகளே அவளுடைய உரிமையின் அடையாளமாக இருந்தன. அவற்றை அவள் எதிர்நோக்கியதில் வியப்பில்லை. சீரை வெறும் கொடுமை என்று ஒதுக்கும் சீர்திருத்தக்காரர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்து மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்குரிமை வழங்கியபின் இந்த நியாயம் வலுவிழந்துவிட்டது. ஆயினும் பங்கு கேட்டால் சீர் நின்றுவிடும் என்று அஞ்சிக் கேளாதிருக்கும் பெண்கள் இன்றும் உளர்.

இனி மாற்றம் எங்கே நேர்ந்தது? சமூகவியலறிஞர் எம்.என். சீனிவாஸ் வரதட்சணை பற்றி 1984இல் வெளியிட்ட சிறு நூலில், இன்றைய வரதட்சணை பழைய தருமத்தின் தொடர்ச்சியன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலக் கல்வியும் சம்பள உத்தியோகமும் தோன்றியதன் விளைவு என்று வாதிட்டார். இதைப் படிக்கும்போது நம்மைப் போன்ற சர்க்கார் குமாஸ்தாக்கள் சற்றுத் தலைகுனியவேண்டும். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய மாப்பிள்ளைக்கு விலை ஏறியது. அவன் வீட்டுக்குச் செல்லும் தட்டின் எடையும் அதனோடு ஏறியது.

தட்டில் இருந்த பண்டமும் மாறியது. 1932ஆம் ஆண்டு சர்க்கரைத் தொழிற் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நாட்டில் சர்க்கரை ஆலைகள் விரைந்து பெருகின. வெல்லமும் அரிசி மாவும் கொண்டு வீட்டில் செய்த பண்டங்களுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரையும் நெய்யும் கொண்ட லட்டும் மைசூர்ப்பாகும் வந்து அமர்ந்தன. வயலிலிருந்து வந்தவை குறைந்து, காசு கொடுத்து வாங்கவேண்டியவை கூடின. முன்பு உழைப்பாகக் கொடுத்ததைப் பின்பு பணமாகக் கொடுக்கவேண்டியதாயிற்று.

கட்டுச்சாதக் கூடையின் கதையும் இத்தகையதே. மணம் முடிந்து மாட்டுவண்டியில் இரண்டு நாள் பயணம் செல்லும் பிள்ளை வீட்டார் வழியில் பசியாற, பெண் வீட்டார் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்தனர். அது மனிதாபிமானம். வண்டி போய்ப் பேருந்து வந்தது, பயணம் மூன்று மணி நேரமாயிற்று. கூடை மட்டும் நின்றுவிட்டது. மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள வீட்டுக்கும் கூடை போவதை நாம் கண்டிருக்கிறோம். காரணம் மறைந்தபின் சடங்கு தடிக்கிறது.

இந்நிலையில்தான் நம்மவர் வடக்கே வந்தனர். 1929இல் ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியும், 1976இல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஆட்களை மட்டும் சுமந்து வரவில்லை. பிஸ்கட் டின்களில் அடைத்து, மூடியின் விளிம்பைத் துணியால் சுற்றித் தைத்த முறுக்கும் தட்டையும் சீராகவே பயணம் செய்தன. ஊரிலிருந்து வருபவர் எவராயினும் அவர் கையில் யாரேனும் ஒருவருடைய சம்பந்திக்கு ஒரு டின் இருக்கும். நாக்பூரைத் தாண்டுமுன் பாதி நொறுங்கிவிடும். நொறுங்கியதை எண்ண முடியாது என்பது ஒருவகையில் நன்மையே. 1956ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர்க்கு விடுப்புப் பயணச் சலுகை வந்தபின் ஊருக்குச் செல்வது எளிதாயிற்று. அதனோடு, ஊருக்குப் போகும்போது மாமியார் வீட்டுக்குத் தில்லியிலிருந்து என்ன கொண்டு வருகிறாய் என்ற புதிய எதிர்பார்ப்பும் தோன்றியது. சோன்பப்டியும் பேட்டாவும் தமிழர் சீர்வரிசையில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

நம் பெற்றோர் தலைமுறையினர் இங்குப் பட்ட பாடு தனி. சர்க்கரைக்கு 1978 ஆகஸ்டில் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, 1979 டிசம்பரில் மீண்டும் விதிக்கப்பட்டது. குடும்ப அட்டைக்குக் கிடைத்த சர்க்கரையில் மாதக் காப்பியை நடத்தி, மிச்சம் பிடித்து, தீபாவளிக்கு நாத்தனார் வீட்டுக்கு லட்டுப் பிடித்த கதையை எம் அன்னையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். இரண்டறைக் குடியிருப்பு, ஒரே அடுப்பு, மாவு இடிக்க ஆள் இல்லை, முறுக்குச் சுற்ற மூதாட்டி இல்லை. பங்கிடுவதற்குத் தெருவும் இல்லை. மாடிப்படியின் இருபுறமும் ஆறு வீடுகள். அவற்றில் நான்கு பஞ்சாபி, ஒன்று வங்காளி. ஆனால் நூற்றொன்று என்ற எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. தெருவுக்காகப் பிறந்த எண் தெருவை இழந்தபின்னும் உயிரோடு இருந்தது. நாலு வீட்டார் கை சேர்த்துச் செய்ததை, அலுவலகம் சென்று திரும்பிய ஒருத்தி இரவு பதினொரு மணிக்குத் தனியாக நின்று செய்தாள்.

இங்கே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஊரில் கணவன் வீட்டு விருந்துக்கு மருமகள் ஒன்றும் கொண்டு செல்வதில்லை. அவளே அந்த வீட்டின் அடுக்களையில் இருப்பாள். நகரத்திலோ மூன்று பிள்ளைகள் மூன்று குடியிருப்புகளில். பெரியவர்கள் ஒரு வீட்டில். கனுவுக்கோ நவராத்திரிக்கோ எல்லோரும் ஓரிடத்தில் கூடும்போது ஒவ்வொரு மருமகளும் ஏதேனும் சமைத்துக் கொண்டு வருவது வழக்கமாயிற்று. இதற்கு ஊரில் முன்மாதிரி இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த முன்மாதிரியைப் பொருத்திக்கொண்டனர். மாமியார் அதைச் சீராக எண்ணினார்: வீட்டில் செய்ததாக இருக்கவேண்டும், நிறைவாக இருக்கவேண்டும், முன்னதாக வந்து சேரவேண்டும், நாலு பேர் பார்க்க வைக்கவேண்டும். மருமகள் அதைக் கூட்டாஞ்சோறாக எண்ணினாள்: முடிந்ததைக் கொண்டு போனால் போதும், எல்லோரும் சேர்ந்து உண்பதுதானே. இருவரும் தம்தம் அளவில் நேர்மையானவர்களே. ஆனால் ஒரு பாத்திரத்தை இரண்டு பெயரால் அழைத்தனர்.

எம் உறவினர் இல்லம் ஒன்றில் நடந்ததைக் கூறுவோம். கனுவன்று கலந்த சாதங்களை மருமகள்கள் மூவரும் பிரித்துக்கொண்டு கொணர்வது ஏற்பாடு. நடு மருமகள் வங்கி ஊழியர். அவ்வாண்டு கணக்கு வேலை மிகுதியால் எலுமிச்சைச் சாதத்தை ஓர் உணவகத்தில் வாங்கி வந்தார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பரிமாறும்போது அந்தப் பாத்திரம் மேடையிலேயே மூடியபடி இருந்தது. மறு ஆண்டு அந்த மருமகள் வரவில்லை. உடல்நலமில்லை என்று கணவர் மட்டும் வந்து சென்றார். மூன்றாம் ஆண்டு அவரே முன்னதாகத் தொலைபேசியில், "அத்தை, எத்தனை பேர், நான் எதைக் கொண்டுவர வேண்டும், வாங்கினால் உங்களுக்கு மனக்குறையா என்று இப்போதே சொல்லிவிடுங்கள். முடியாததை முடியாது என்று நானும் இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்று கேட்டார். அம்மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சாதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அப்பளம் பொரித்து, பழம் வாங்கி வா, கூட வந்து உட்கார்ந்து கொள், அது போதும்" என்றார். மூடிய பாத்திரம் இரண்டு ஆண்டு பேசியதை இரண்டு வாக்கியங்கள் முடித்துவைத்தன. இதில் மகனுக்கு என்ன வேலை என்று கேட்பீராயின், அந்தத் தொலைபேசி உரையாடலை முதல் ஆண்டிலேயே அவர் நடத்தியிருக்கலாம் என்பதே நம் விடை. தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் நின்று பத்திரிகை வாசிக்கும் கலையில் நம் ஆடவர் தேர்ந்தவர்கள்.

சட்டம் எதுவரை துணை வரும் என்பதையும் பார்க்கவேண்டும். 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்பதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியது. 1985இல் வந்த விதிகள் திருமணத்தில் கொடுக்கப்படும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதி வைக்கவேண்டும் என்றன. செட்டிநாட்டுச் சிட்டையை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது போல நமக்குத் தோன்றியது. மத்திய அரசு ஊழியர்க்குரிய 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 1976இல் 13-அ என்னும் விதி சேர்க்கப்பட்டது. அதன்படி நம்மில் எவரும் வரதட்சணை கொடுக்கவோ வாங்கவோ, நேராகவோ மறைமுகமாகவோ கேட்கவோ கூடாது. ஆயினும் பிள்ளைப்பேறு முதலிய சடங்குகளை ஒட்டி மரபாகக் கொடுப்பவை வரதட்சணை என்னும் சொல்லுக்குள் அடங்கா என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஒரு தீர்ப்பில் கூறியது. ஆக, சீர்த்தட்டு பெரும்பாலும் சட்டத்தின் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறது. பலகாரம் குறைந்ததற்காக ஒரு பெண்ணின் முகத்தெதிரே அவள் பெற்றோரை ஏளனமாகப் பேசும் ஒரு சொல்லை எந்த விதியின் எந்த உட்பிரிவில் பதிவது? ஏளனம் கொடுமையாக முற்றும்போது சட்டம் வரும். அதற்குமுன் வரவேண்டியவர் வீட்டில் உள்ளவரே.

நம் அண்டை வீட்டாரிடமிருந்து கற்பதற்கும் சில உண்டு. பஞ்சாபிக் குடும்பங்களில் கர்வா சௌத் நோன்பன்று விடியலுக்கு முன் மருமகள் உண்பதற்குச் சர்கி என்னும் உணவுத் தட்டைத் தருபவர் மாமியார். தட்டு இங்கே எதிர்த்திசையில் செல்கிறது. வங்காளியரின் ஜாமாய் சஷ்டியில் மாமியார் மருமகனை அழைத்து விருந்திடுகிறார். அது நம் ஆடி அழைப்புக்கு உறவு. மராட்டியர் திருமணத்தில் ருக்வத் என்று பெண் வீட்டார் பலகாரங்களை அடுக்கிக் காட்சிக்கு வைப்பது நம் சீரைவிட ஒரு படி மேல். திசை எங்கும் ஒன்றாக இல்லை. ஆகவே பெண் வீடுதான் கொடுக்கவேண்டும் என்பது இயற்கை விதியன்று. ஒரு காலத்தில் ஒரு நாட்டார் எழுதிக்கொண்ட முறை. கன்னிகாதானத்தைக் கல்லில் வெட்டியவர்கள் முறையை மாற்றியவர்களே அல்லரோ?

அண்மையில் எம் அலுவலக நண்பர் ஒருவரின் மகள் பஞ்சாபிக் குடும்பத்தில் மணம் புரிந்தாள். மணத்துக்குப் பின் வந்த முதல் ஆடியில் மாப்பிள்ளையை அழைத்துத் தேங்காய்ப் பால் கொடுப்பதற்கு நண்பரின் துணைவியார் பத்து நாள் முன்னதாகவே ஆயத்தம் செய்தார். சம்பந்தி வீட்டாரையும் உடன் அழைத்திருந்தனர். முந்திய நாள் மாலை மாப்பிள்ளையின் தாயார் தொலைபேசியில், எத்தனை பேர் வருகிறார்கள், நான் என்ன சமைத்து எடுத்து வரட்டும் என்று இந்தியில் கேட்டார். முப்பது ஆண்டு இல்லறத்தில் பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்து இப்படியொரு கேள்வியை அந்த அம்மையார் கேட்டதே இல்லை. ஒன்றும் வேண்டா என்று சொல்ல வாயெடுத்தவர், சற்று நிறுத்தி, பதினான்கு பேர், தயிர் மட்டும் நீங்கள் உறையூற்றிக் கொண்டு வாருங்கள், உங்கள் வீட்டுத் தயிர் நன்றாக இருக்கும் என்றார். மறுநாள் தயிர் வந்த எவர்சில்வர் தூக்கு, மாலையில் தேங்காய்ப் பாலோடு திரும்பிச் சென்றது.